தப்பு ரேகை

இரண்டு வருஷம் மூடிக் கிடந்த பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில், ஒன்பதாவது முடித்துப் பத்தாவதுக்குப் போகும் மிதுன், மிதுனாக ஆள்மாறாட்டம் செய்ய முயன்றதற்காகப் பள்ளி வாசலில் பிடிபட்டான்.

பிடித்தது மனிதர் யாரும் இல்லை. வாசலில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கம்பம், அதன் தலையில் ஒரு திரை. அது ஐந்து கேள்வி கேட்கும். பதில் எழுதினால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். மிதுனுக்குச் சிவப்பு எரிந்தது. "நீங்கள் மிதுன் அல்ல. அடுத்தவர் பெயரில் நுழைவது தண்டனைக்குரியது. வணக்கம்" என்று கம்பம் கனிவாகச் சொன்னது. வணக்கம் சொல்வதில் மட்டும் அந்தக் கம்பத்தைச் செய்த கம்பெனி ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

மிதுனின் அம்மா கோகிலவாணி பையனை ஒதுக்கிவிட்டுக் கம்பத்திடமே நியாயம் கேட்டாள்.

"ஏனுங், இவனை நான் பெத்துப் பதினஞ்சு வருசமாச்சுங். இவன் ஆருன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

கம்பம் அதற்கும் வணக்கம் சொன்னது. பின்னால் வரிசையில் நின்றவர்கள், "தள்ளுங்கக்கா, எங்க பிள்ளைங்க நெசமான பிள்ளைங்க, உள்ள போகட்டும்" என்றார்கள். திருப்பூரில் எல்லோருக்கும் வேலைக்கு நேரமாகிவிடும்.

வீட்டுக்கு வந்து சேருவதற்குள் செல்போனில் பள்ளியின் கடிதம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் மாணவரின் அடையாளம் உறுதியாகாவிட்டால் அவர் படித்த எட்டாவதும் ஒன்பதாவதும் செல்லாது. பத்தாவதில் இடம் கிடையாது. விருப்பம் இருந்தால் எட்டாவதிலிருந்து மறுபடி தொடங்கலாம். மீசை அரும்பிய பையனுக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்?

கம்பத்தின் மேல் தப்பில்லை என்று கோகிலவாணிக்கு உள்ளூரத் தெரியும். அதனால்தான் அவ்வளவு சத்தம் போட்டாள்.

2044இல் நீலக் காய்ச்சல் வந்தது. முதலில் நகம் நீலமாகும், அப்புறம் உதடு, அப்புறம் சொல்ல வேண்டாம். பள்ளிகளை மூடினார்கள். பிள்ளைகள் படிப்பு வீணாகக் கூடாது என்று எல்லோருக்கும் தட்டைக் கணினியும், அதில் 'கூடவே' என்றொரு செயலியும் கொடுத்தார்கள். "வலை அறுந்தாலும் வகுப்பு அறாது" என்று அதற்கு விளம்பரம். நெட்வொர்க் போனாலும் பிள்ளையின் பிரதி ஒன்று அவன் முகத்தோடும் குரலோடும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். டீச்சர் கேள்வி கேட்டால், அந்தப் பிள்ளை எப்படிப் பதில் சொல்லியிருப்பானோ அப்படியே சொல்லும். அதற்காக அந்தச் செயலி, கணினிக்கு முன்னால் உட்காருபவரின் போக்கை நாள்தோறும் கவனித்துக் கற்றுக்கொள்ளும். ஆன்லைன் வகுப்பால் பிள்ளைகளுக்குப் பயனா பாழா என்று டிவியில் தினமும் ஆறு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆறு பேரில் ஒருவர் வீட்டிலும் பள்ளிக்குப் போகும் வயதில் பிள்ளை இல்லை.

மிதுன் மூன்று நாள் ஒழுங்காக உட்கார்ந்தான். நாலாவது நாள் கன்னத்தை மேஜை மேல் வைத்தான். இரண்டாவது வாரத்தில் மேஜையை விட்டுவிட்டுப் பாய்க்குப் போய்விட்டான்.

வகுப்பு நடக்கும்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை திரையில் ஒரு வட்டம் வரும். தொட்டால் பிள்ளை இருக்கிறான், தொடாவிட்டால் இல்லை. இருப்புக்கும் இன்மைக்கும் இவ்வளவு சுருக்கமான விளக்கத்தை எந்தத் தத்துவ ஞானியும் கொடுத்ததில்லை. ஒரு வகுப்பில் மூன்று வட்டம் தவறினால் அன்றைக்கு ஆப்சென்ட். கோகிலவாணி வீட்டில் உட்கார்ந்து, தைத்த பனியன்களில் நூல் பிசிறு வெட்டுகிறவள். மடியில் பனியன், கையில் கத்தரி, பக்கத்தில் கணினி. வட்டம் வரும்போதெல்லாம் கத்தரி பிடிக்காத கையால் தொட்டுவிடுவாள். முதலில் அவ்வளவுதான் செய்தாள்.

ஒரு நாள் கணக்கு டீச்சர், "மிதுன், நீ சொல்லு" என்றுவிட்டார். மிதுன் பாயில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டில் பனியனுக்கு ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷின் ஓடுகிற இரைச்சலில் மைக் வைத்துப் பேச முடியாது என்பதால், தட்டச்சு செய்தால் 'கூடவே' அதை மிதுன் குரலில் பேசிக்கொள்ளும். கோகிலவாணி பயந்துகொண்டே ஒரு விடையைத் தட்டினாள். தப்பு. "பரவால்ல மிதுன், நல்லா யோசிச்சிருக்க. இன்னொரு தடவ பாரு" என்றார் டீச்சர்.

நாற்பதை நெருங்கும் வயதில்தான் அவளிடம் ஒருவர் நல்லா யோசிச்சிருக்க என்று சொன்னார். அதுவும் பையன் பெயரில்.

கோகிலவாணிக்கு ஒன்பதாவது படிக்கும்போது கொரோனா வந்தது. அப்போதும் செல்போனில்தான் வகுப்பு. அவள் வீட்டில் இருந்தது பட்டன் போன் ஒன்று, அதுவும் அப்பா சட்டைப்பையில் தறிக்குடோனுக்குப் போய்விடும். வருஷக் கடைசியில் எல்லோரும் பாஸ் என்றார்கள், அவளும் பாஸ். பாஸான பிள்ளையை அப்பா பனியன் கம்பெனியில் கைமடிக்கு, அதாவது டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுக்கிற வேலைக்குச் சேர்த்துவிட்டார். பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் பெயரை வருகைப் பதிவேட்டில் வாசித்திருப்பார்கள். பதில் வராமல் அடுத்த பெயருக்குப் போயிருப்பார்கள். ஒருவரும் வந்து ஏன் என்று கேட்கவில்லை.

அப்படிப்பட்டவளிடம் ஒரு வகுப்பறையை முழுசாகக் கொடுத்தால் என்ன ஆகும்? பையனின் நோட்டில் அவள் எழுத ஆரம்பித்தாள். ஆறே மாதத்தில் மிதுன் வகுப்பில் மூன்றாவது ரேங்க். ஆன்லைன் வகுப்பால் யாருக்குமே பயனில்லை என்று பேசுகிறவர்கள் கோகிலவாணியைப் பார்த்ததில்லை. பயனடைந்த ஆள் மட்டும் கொஞ்சம் மாறிப்போய்விட்டது.

அவள் கணவன் செந்தில்நாதன் கட்டிங் மாஸ்டர். மார்க் வரும்போதெல்லாம் அதைக் கம்பெனி முழுக்கக் காட்டிவிட்டு வருவான். "பாத்தியா, எம்புத்தி அப்படியே இறங்கியிருக்குது" என்பான். கோகிலவாணி குனிந்து பிசிறு வெட்டுவாள்.

மறுநாள் காலை அவளும் மிதுனும் தாளாளர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். தாளாளர் பொன்னுரங்கத்தின் தலைக்குப் பின்னால், "எங்கள் மாணவர்களில் ஒருவர்கூட இரண்டாண்டுகளாகத் தோற்கவில்லை" என்று ஒரு பலகை. ஒருவர்கூடப் பள்ளிக்கு வரவும் இல்லை என்பதை இடம் போதாமல் விட்டிருப்பார்கள். பக்கத்தில் 'கூடவே' கம்பெனி ஆள் நவநீத், கோயமுத்தூரிலிருந்து வந்தவன், ஒல்லியாக, மடியில் ஒரு சின்னத் திரையோடு உட்கார்ந்திருந்தான்.

"உங்க மிஷின் ரிப்பேருங்க" என்று ஆரம்பித்தாள் கோகிலவாணி. "மூஞ்சியப் பாத்தாத் தெரியாதுங்களா?"

"ரெண்டு வருசத்துல பசங்க மூஞ்சியே மாறிடுச்சுங்கக்கா" என்றான் நவநீத். "குரல் உடைஞ்சிருச்சு. பாதிப் பேரை அவங்க டீச்சருக்கே அடையாளம் தெரியல. அதனால நாங்க தப்பப் பாக்கறோம்."

"தப்பையா?"

"சரியான விடை எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்க. அத வெச்சு ஆளக் கண்டுபிடிக்க முடியாது. தப்புதான் ஆளுக்கு ஆள் வேற. எந்த எடத்துல சறுக்குவான், எதுக்குப் பதிலா எதை எழுதுவான், அவசரத்துல எதை விட்டுருவான், இதெல்லாம் ரெண்டு வருசமாச் சேத்து வெச்சிருக்கோம். கைரேகை மாதிரி இது தப்பு ரேகை. உங்க பையன் தப்பும், ரெண்டு வருசமா வகுப்புல இருந்த மிதுனோட தப்பும் ஒத்தே போகல."

கோகிலவாணி தாளாளரைப் பார்த்தாள். அவர் பெருமூச்சு விட்டார்.

"உங்க பையனாச்சும் தனியா ஒரு ஆளு. பத்தொம்பது பேருக்கு ஒரே ரேகை வருதும்மா. அத்தனையும் ஒரே ட்யூசன் வாத்தியாருது. பத்தொம்பது பேரையும் வெளிய அனுப்பிட்டு நான் பள்ளிக்கூடம் நடத்த முடியுங்களா? அந்த வாத்தியாரையே வாசல்ல வேலைக்கு வெச்சுட்டேன். காலைல வந்து பத்தொம்பது தடவ எழுதிக் கதவத் தொறந்து விட்டுட்டுப் போறாரு."

"இது சட்டத்துல இருக்குதுங்களா?" என்றாள் கோகிலவாணி.

"கூடாதுன்னும் சட்டத்துல இல்லைங்களே."

நவநீத் திரையை மிதுன் பக்கம் திருப்பினான். இன்னொரு முறை முயன்று பார்க்கலாம் என்றான். மூன்று கேள்விக்குச் சிவப்பு. நாலாவதாக 5x − 8 = 2x + 13 என்று ஒரு சமன்பாடு வந்தது. மிதுன் திரையைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தான். கோகிலவாணி நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் விடை தெரிந்த கேள்விக்கு எதிரில் சும்மா இருப்பது எப்படியென்று அவளுக்கு இரண்டு வருஷமாக மறந்துபோய்விட்டது.

"அஞ்சு பை மூணு" என்று உதடு அசையாமல் சொன்னாள்.

மிதுன் எழுதினான். பச்சை எரிந்தது. "வணக்கம் மிதுன். உங்களை மறுபடி சந்தித்ததில் மகிழ்ச்சி" என்றது திரை.

"நாந்தான் சொன்னனே!" என்று கோகிலவாணி நிமிர்ந்தாள்.

நவநீத் உள்ளங்கையில் பேனாவால் போட்டுப் பார்த்தான். "விடை ஏழுங்கக்கா. மைனஸ் எட்டை இந்தப் பக்கம் கொண்டாந்தா பிளஸ் எட்டாகணும். நீங்க மைனஸாவே வெச்சுட்டீங்க." அப்புறம் திரையைத் தன் பக்கம் இழுத்து எதையோ தேடினான். "இந்தத் தப்பு ரெண்டு வருசத்துல முந்நூத்திப் பன்னெண்டு தடவ வந்திருக்குது. டீச்சர் நாப்பது தடவ சொல்லிக் குடுத்திருக்காங்க."

கோகிலவாணிக்குக் காது சுட்டது. போலீஸ், பத்திரிகை, செந்தில்நாதன் என்று ஒவ்வொன்றாக மனசில் வந்துபோனது. ஆனால் தாளாளர் முகம் மலர்ந்துவிட்டது. தொலைந்துபோன மாணவன் கிடைத்துவிட்டானே.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? விஷயம் சுலபமாப் போச்சு. தினமும் காலைல வந்து அஞ்சு கேள்வி எழுதிட்டுப் போயிருங்க, பையன் உள்ள உக்காரட்டும். மார்ச்சுல பரீட்சையும் இதே மிஷின்தான். வீட்டுல இருந்தே எழுதலாம். நீங்க எழுதுங்க, பேரு பையன் பேரு. உங்க ரேகைக்கு நானூத்தி எழுவதுக்குக் கொறையாதும்மா. எனக்கு ரிசல்ட்டு, உங்களுக்கு சர்டிபிகேட்டு, பையனுக்கு வருசம் மிச்சம். ஆருக்கு என்ன நட்டம்?"

யோசித்துப் பார்த்தால் ஒருவருக்கும் நட்டமில்லை. கோகிலவாணி யோசித்தாள், ஆசையாகத்தான் யோசித்தாள். பத்தாவது பரீட்சை. அவளுக்குக் கிடைக்காமலே போன கேள்வித்தாள். அதில் யார் பெயர் இருந்தால் என்ன, எழுதுவது அவள் கைதானே? பையனும் ஊர் சிரிப்புக்கு ஆளாக மாட்டான். கணவனின் புத்தியும் அப்படியே இறங்கியதாக இருக்கும்.

எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மிதுன் பக்கம் திரும்பினாள்.

"சாமி, முக்கால்ல பாதி எவ்வளவு?"

மிதுன் விட்டத்தைப் பார்க்கவில்லை. விரலைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். அவள் புருவத்தில், உதட்டில், எங்காவது விடை வந்துவிடும் என்று நிதானமாகக் காத்திருந்தான். வரவில்லை என்றதும் மரியாதையாகச் சிரித்தான்.

கோகிலவாணிக்கு முதல் மழைக்காலத்தில் ஒரு நாள் இவன் பாயிலிருந்து எழுந்து வந்து, "அம்மா, அந்தக் கணக்க நான் போடட்டா?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. "இருடா, தப்பாப் போட்டா மார்க் போயிரும்" என்று அவன் கையைத் தள்ளிவிட்டவள் அவள்தான். அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை. சரியான விடைகளை அவனிடமிருந்து அவள் பறிக்கவில்லை, அவை எங்கும் கிடைக்கும். அவன் போட்டிருக்க வேண்டிய தப்பை எல்லாம் அவளே போட்டுத் தீர்த்துவிட்டாள். ஒரே வகைக் கணக்கில் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு.

"ஏதாச்சும் சொல்லு கண்ணு. தப்பாவே சொல்லு" என்றாள்.

"தப்பாச் சொல்லலாமா?"

"சொல்லு."

"ரெண்டா?"

"இல்ல."

மிதுன் இப்போதுதான் அவள் முகத்தை விட்டுவிட்டு மேஜையைப் பார்த்தான். விரலால் அதில் ஒரு வட்டம் போட்டான். அதைக் குறுக்கே வெட்டினான், மறுபடி வெட்டினான். "அப்ப கால்" என்றான். அதுவும் தப்புதான். ஆனால் எங்கிருந்தோ யோசித்து வந்த தப்பு.

"எட்டாவதுல சேர பாரம் குடுங்க சார்" என்றாள் கோகிலவாணி.

தாளாளருக்கு இது புரியவே இல்லை. தங்கமான வழியைக் காட்டினால் பள்ளத்தில் இறங்குகிறேன் என்கிறவளை என்ன செய்வது? ஊர் என்ன பேசும், உங்க வீட்டுக்காரர் என்ன சொல்வார், பன்னிரண்டு வயசுப் பொடியன்களோடு இவன் எப்படி உட்காருவான் என்று அடுக்கினார். கடைசியில் மிதுனையே பிடித்தார்.

"ஏந்தம்பி, மீசையோட எட்டாவதுல உக்காருவியா?"

"மழிச்சுக்கறேன் சார்" என்றான் மிதுன்.

அன்று மதியமே வாசல் கம்பம் அவனுக்கு எட்டாம் வகுப்பின் ஐந்து கேள்வியைக் கேட்டது. ஐந்தும் தப்பு. "புதிய மாணவர். தப்பு ரேகை பதிவானது. வணக்கம்" என்று கதவைத் திறந்துவிட்டது. உள்ளே போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தான். தன் பெயரில் தன் தப்போடு நுழைகிற பிள்ளை அந்தப் பள்ளியில் இன்னும் எத்தனை பேரோ, கோகிலவாணிக்குத் தெரியாது. அவள் வீட்டுப் பிள்ளை ஒன்று நுழைந்துவிட்டது.

செந்தில்நாதன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டே, "அப்ப அந்த மார்க்கெல்லாம் ஆரோட புத்தி?" என்று கேட்டான். கோகிலவாணி ரசம் ஊற்றினாள்.

மிதுன் தினமும் சாயந்திரம் நோட்டு நிறையச் சிவப்பு மையோடு வந்தான். சில நாள் அழுதான், ஒரு நாள் போக மாட்டேன் என்று படுத்துக்கொண்டான். கோகிலவாணி நோட்டைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தாள். பிசிறு வெட்டும்போது எதிரில் திரை இல்லாமல் கை வெறிச்சென்று இருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை விரல் தானாக எதையோ தொடப்போகும். படிப்பு போனது பையனுக்கு மட்டும் இல்லை, தனக்கும்தான் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

பதினோராம் நாள் சாயந்திரம் அவள் செல்போனுக்கு 'கூடவே'யிலிருந்து ஒரு செய்தி வந்தது. பத்தாம் வகுப்பில் இருந்த ரேகையை நீக்க யாரும் மெனக்கெடவில்லை, நல்ல மார்க் எடுக்கிற ரேகையை எந்தப் பள்ளிதான் நீக்கும்? அதனால் செய்தி நேராக அந்த ரேகையின் சொந்தக்காரிக்கே வந்திருந்தது.

"பத்தாம் வகுப்பு அ பிரிவு மாணவரே, நீங்கள் ஒன்பது நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை? உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருடன் நேரில் வந்து காரணத்தைத் தெரிவிக்கவும். வணக்கம்."

கோகிலவாணி கத்தரியைக் கீழே வைத்தாள். மறுபடி படித்தாள். ஏன் வரவில்லை என்கிற அந்த இரண்டு வார்த்தையையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒன்பதாவதில் அவள் நின்றுபோனபோது கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இருபத்தாறு வருஷம் கழித்து ஒரு மிஷின் கேட்கிறது. பனியன் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து அவள் ஓவென்று அழுதாள்.

மிதுன் ஓடி வந்தான். "என்னம்மா? ஆருக்கு என்ன ஆச்சு?"

போனை நீட்டினாள். அவன் எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது, அம்மா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"இது உன்னயத்தாம்மா கூப்பிடுது."

"பெரியவங்களக் கூட்டிட்டு வரோணுமாமே. எங்கப்பன் செத்து எட்டு வருசமாச்சு. நான் ஆரக் கூட்டிட்டுப் போவேன்?"

மிதுன் கொஞ்சம் யோசித்தான். உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, முகத்தைப் பெரிய மனுஷன் மாதிரி வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினான்.

"எந்திரி, நான் வரேன். எம்பேர எடுத்துட்டு உம்பேருக்கு மாத்திக் குடுங்கன்னு கேக்கலாம். இத்தன நாளா ஏன் வரலைன்னு கேட்டா என்னன்னு சொல்றது?"

கோகிலவாணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"காய்ச்சல்னு சொல்லு" என்றாள்.